பேட்டரி மெஷின் போன பிறகு

நானும் என் கணவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் மெஷினில் தேயிலை வெட்டுகிறோம். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. போன வருடம் எஸ்டேட்டில் பேட்டரி மெஷின் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் சத்தம் குறைவு. மழை விட்ட ஒரு காலையில் அவர், "நில்லு! மண்ணு சரியுது!" என்று கத்தினார். சட்டென்று பின்வாங்கினேன். நான் கால் வைக்கவிருந்த இடம் பள்ளத்தில் சரிந்தது.

அடுத்த மாதமே அந்த பேட்டரி மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அதனாலதானே நான் உயிரோட இருக்கேன்" என்றேன் கங்காணியிடம்.

"பாதி நாள்லயே சார்ஜ் தீந்துருதுலா. மலையில எங்க போயி சார்ஜ் போடுறது? பெட்ரோல்னா ஊத்துனா ஓடும்" என்றார் அவர்.

இப்போது நானும் கணவரும் இருவர் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டிக்கொள்கிறோம். அவர் சுண்டி இழுத்தால் நின்றுவிடுவேன். ஒருவர் சரிந்தால் மற்றவரும் போகவேண்டியதுதான். தெரிந்தேதான் கட்டுகிறோம்.

— ஒரு வாசகி, கேமரன் மலை