சீல்காரரின் சாம்பிள் பாட்டில்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. லைசென்ஸிலும் அதுதான் அச்சாகியிருந்தது. ஆனால் எண்ணெய்க் கிடங்கு வாசலில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரிப்பார்கள். சீல்காரர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து வழி காட்டுவார்.

பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிற மனிதர். கிடங்கில் லோடு ஏற்றியதும் மூடிக்கும் வால்வுக்கும் கம்பி கோர்த்து ஈய சீல் வைப்பார்கள் அல்லவா, அதைத் தன் கையால் இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். வழியில் டீ குடிக்க நிறுத்தினால் வாய் டீயில் இருக்கும், கண் லாரியில் இருக்கும். சாப்பாட்டுக் கடையில் லாரி தெரிகிற நாற்காலிதான் வேண்டும். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் வாசலில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். வீட்டிலும் இதே கூத்துதான். எண்ணெய் டின் வாங்கி வந்தால் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "அது கடையிலேர்ந்து வந்திருக்கு, யாரும் கடத்திட்டு வரல" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. நெடுஞ்சாலையில் ஆளரவம் இல்லாத இடங்களில் தகரக் கொட்டகை போட்டுச் சில புண்ணியவான்கள் உட்கார்ந்திருப்பார்கள். டேங்கர் வந்து நின்றால் போதும், சீல் கெடாமல் நாலு வாளி பெட்ரோலை உருவிக்கொண்டு நாலு வாளி மலிவான சரக்கை ஊற்றிவிடுவார்கள். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் சிலர் அந்தக் கொட்டகை வரும்படியில் மாடி கட்டினார்கள். இவர் வீட்டில் மழை பெய்தால் இன்னமும் பாத்திரம் வைத்துத்தான் ஒழுகலைப் பிடிக்க வேண்டும்.

"சீலு, உனக்கு மெடல் குத்தப் போறாங்கடா" என்று கூட்டாளிகள் கேலி பண்ணுவார்கள்.

"குத்தும்போது சொல்லி அனுப்புறேன். வந்து கை தட்டு" என்பார்.

அரசாங்கத்தில் ஒரு விதி உண்டு. பங்க்கில் லோடு இறக்குவதற்கு முன்னால் லாரியிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோலை அலுமினிய பாட்டிலில் பிடித்து, சீல் வைத்து, லேபிளில் லாரி எண்ணும் தேதியும் அடர்த்தியும் எழுதி, டிரைவரும் பங்க் மேனேஜரும் கையெழுத்துப் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். பின்னால் பெட்ரோல் சரியில்லை என்று புகார் வந்தால், கோளாறு லாரியில் நடந்ததா பங்க்கில் நடந்ததா என்று அந்த பாட்டில்தான் சொல்லும். முக்கால்வாசிப் பேருக்கு இது வெட்டி வேலை. வெறும் லேபிளில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "அப்புறமா புடிச்சு வெச்சுக்கறோம், நீ கிளம்பு" என்பார்கள். நம்ம ஆளிடம் அந்தப் பருப்பு வேகாது. பாட்டில் நிரம்பி, சீல் வைத்து, அலமாரிக்குள் போகிறவரை அசைய மாட்டார்.

பாலத்துக்குப் பக்கத்துப் பங்க்கின் மேனேஜர் ஒரு பெண். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், கண் தெரியாத மாமியார். வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது.

"வெயில் மண்டையப் பொளக்குதுண்ணே. கையெழுத்தப் போட்டுட்டுப் போங்களேன்."

"வெயிலுக்குப் பயந்தவ ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கணும்."

அவள் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் லாரி வாசலில் திரும்புவதைப் பார்த்தாலே பாட்டிலைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். அவளுக்கு அவர் அண்ணன், அவருக்கு அவள் தங்கச்சி.

பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு மேலிடத்திலிருந்து பங்க்குகளுக்கு இரண்டு உத்தரவு வந்தது. எவ்வளவு எத்தனால் கலந்திருக்கிறது என்று பம்பில் லேபிள் ஒட்ட வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் இந்தப் பெட்ரோல் பிரிந்து கெட்டுவிடும் என்பதால், நிலத்தடித் தொட்டியின் மூடிக்குப் புது ரப்பர் வளையம் போட வேண்டும். பங்க் முதலாளி லேபிளைப் பளபளவென்று ஒட்டினார். வளையத்தை மாற்றவில்லை. லேபிள் அதிகாரி கண்ணில் படும், வளையம் மூடிக்கு அடியில் அல்லவா கிடக்கிறது! மேனேஜர் கேட்கும்போதெல்லாம் "பாத்துக்கலாம்மா" என்றார். மகராசன், கடைசிவரை பார்க்கவே இல்லை.

அந்த வருஷம் டேங்கர் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீல்காரரும் சங்கத்தோடு கிடங்கு வாசலில் போய் உட்கார்ந்தார். பாலத்துப் பங்க்குக்குக் கடைசியாக லோடு இறக்கியது அவர்தான். அது இரண்டு மூன்று நாளில் தீர்ந்தது. ஊரில் எந்தப் பங்க்கிலும் சொட்டு இல்லை. அதோடு மழையும் பிடித்துக்கொண்டது.

அவருக்கு ஒரே மகள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, அதனால் அவள் பெற்றவர்களோடுதான் இருந்தாள். வயிற்றில் எட்டு மாதம். மழை கொட்டிய ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் "அம்மா" என்று சுவரைப் பிடித்தாள். காலெல்லாம் ரத்தம்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வழியெல்லாம் வெள்ளம், வர நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் வண்டியைச் சாய்த்துப் பார்த்து, "தெருமுனைகூடத் தாண்டாதுண்ணே" என்றார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு மழையோடு மழையாகப் பங்க்கை நோக்கி ஓடினார்.

மேனேஜர் மட்டும் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பம்பைப் போட்டுப் பார்த்தாள்.

"காத்துதாண்ணே வருது."

அவர் கண் அலமாரிப் பக்கம் போனது. போன வேகத்தில் திரும்பிவிட்டது. வாய்விட்டுக் கேட்கிற ஆளா அவர்? உள்ளே இருப்பது அவரே பிடித்து, அவரே சீல் வைத்த ஒரு லிட்டர். அதைத் தொட அவருக்கும் உரிமை இல்லை.

அவள் பார்த்துவிட்டாள். சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள்.

"உங்க லோடுதான். எடுங்க."

"வேணாம் தங்கச்சி. உன் பொறுப்புல இருக்கறது. கேஸாயிடும்."

"அங்க புள்ள துடிச்சுக்கிட்டிருக்கா, நீங்க சட்டம் பேசறீங்களா? எடுத்துட்டு ஓடுங்கண்ணே!"

கம்பியை வெட்டக் குறடு கொடுத்தாள். வாழ்நாளெல்லாம் சீல் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்த கை அது. நடுங்கி நடுங்கி இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை கம்பி அறுந்தது.

அந்த ஒரு லிட்டரில் ஆஸ்பத்திரி வாசல்வரை ஆட்டோ நிற்காமல் ஓடியது. குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை, தலை நிறைய முடி. டாக்டரம்மா வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா உங்க பொண்ணும் இல்ல" என்றார். அவர் அந்த அம்மாவைக் கும்பிட்டார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

பங்க்கில் இதற்குள் மழைத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. அடியில் கிடந்த கொஞ்சநஞ்சப் பெட்ரோல் தண்ணீரோடு சேர்ந்து மேலே எழும்பியது. காற்றை இழுத்த பம்பு திடீரென்று இழுக்க ஆரம்பித்தது. "லோடு வராம மட்டம் எப்படி சார் ஏறும்? தண்ணி சார் அது" என்று மேனேஜர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "பம்பு இழுக்குதில்ல? ஜனம் வரிசையில நிக்குது, போடு" என்றார் முதலாளி. போட்டார்கள். வாங்கிய வண்டிகள் பாலத்தைத் தாண்டவில்லை. பள்ளிக்கூட வேன் ஒன்று பிள்ளைகளோடு நடு வெள்ளத்தில் நின்றது. ஊர் கொதித்து எழுந்தது.

தர ஆய்வு அதிகாரி வந்து தொட்டியிலிருந்து சாம்பிள் எடுத்துப் போனார். தேறவில்லை. முதலாளி கொஞ்சமும் கூசாமல், "லாரியில வரும்போதே அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார். கடைசி லோடு யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி, மேனேஜர், சீல்காரர் மூவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் மேனேஜர் அவர் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"நான் உள்ளதச் சொல்லிடறேண்ணே. பாட்டில் இருந்துச்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு."

"சொன்னா?"

"உங்க பேரு தப்பிக்கும்."

"எப்படித் தப்பிக்கும்? பாட்டில்ல இருந்தது எரிஞ்சு போச்சு. நல்ல பெட்ரோல்னு யாரு வந்து சொல்லுவா? ஒண்ணு மட்டும் நிச்சயம், உன்ன உள்ள தூக்கி வெப்பாங்க. அந்தக் கெழவிக்கு யாரு சோறு போடுவா? வாய மூடிட்டு வா."

விசாரணை அறையில் அதிகாரி முதலில் மேனேஜரைத்தான் கேட்டார், பாட்டில் எங்கே என்று. அவள் உதடு அசைவதற்குள் சீல்காரர் எழுந்துவிட்டார்.

"நான் குடுக்கல சார்."

அதிகாரி நிமிர்ந்தார். எத்தனையோ முறை நடுரோட்டில் இந்த லாரியை மடக்கிச் சோதித்து, குறை கிடைக்காமல் கை குலுக்கி அனுப்பியவர் அவர்.

"நீங்களா? சாம்பிள் குடுக்காம லோடு எறக்கினீங்களா?"

"ஸ்ட்ரைக் அவசரம் சார். இந்தம்மா கேட்டும் நான்தான் விட்டுட்டேன்."

"யோசிச்சுப் பேசுங்க. பாட்டில் குடுக்கலன்னா லோடே கலப்படம்னுதான் நான் எழுதணும். அதுக்கப்புறம் டேங்கர் பக்கமே நீங்க போக முடியாது."

"எழுதுங்க சார்."

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார், கடைசியில் எழுதினார். மேனேஜர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசியிருக்க வேண்டும் என்று நாக்கில் பல்லுப் படாமல் நாம் சொல்லிவிடலாம். அந்த இரண்டு பிள்ளைகளுக்கு நாமா பீஸ் கட்டப் போகிறோம்?

கிடங்கு வாசலில் அன்றைக்கு மாடி வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "சீலுவே வித்திருக்கான்யா! நம்மள என்ன பேச்சுப் பேசினான்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் டீ கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மானம் கப்பலேறிவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மகள் அவரைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் போன பெட்ரோல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் போய்ச் சொல்றேன்பா. எனக்கு யாரப் பத்தியும் கவல இல்ல. என் கொழந்தையும் போச்சு, உங்க பேரும் போச்சு. எதுக்குப்பா அந்தச் சீல ஒடைச்சீங்க? என்னதாம்பா மிச்சம்?"

"நீ இருக்கியேம்மா" என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கதறினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் இதைப் பற்றிப் பேச்சில்லை.

இப்போது அவர் குடிதண்ணீர் லாரி ஓட்டுகிறார். சீல் கிடையாது, சோதனை கிடையாது. மூடிகூடச் சரியாகப் பொருந்தாத ஓட்டை லாரி. தெருவில் நிறுத்தினால் குடங்களோடு சண்டை போட ஜனங்கள் வருவார்கள், சாம்பிள் கேட்டு யார் வரப்போகிறார்கள்? ஆனாலும் ஒவ்வொரு நடைக்கும் வால்வைத் திறப்பதற்கு முன் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, அதன்மேல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, லாரி எண்ணும் தேதியும் எழுதிய காகிதத்தை ஒட்டி, சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். பார்த்தவர்கள் கிறுக்கு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் உச்சி வெயிலில் மகள் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். லாரி காலியாகிவிட்டிருந்தது. நடந்து வந்த களைப்பில் முகம் வெளுத்துப்போய் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

"தாகமா இருக்குப்பா" என்றவள், சீட்டுக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்தாள்.

"அது வேணாம்மா, அது சாம்பிளு" என்று பதறிக் கையை நீட்டினார்.

அவள் லேபிளைப் படித்தாள். அப்பாவின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அவர் அவளுடைய வெளுத்த முகத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலை எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மூடியைத் திருகி அவளிடம் நீட்டினார். இந்த முறை கை நடுங்கவில்லை.

"குடிம்மா" என்றார்.