பாவசங்கீர்த்தனத்திலிருந்து ஒப்புரவுக்கு

சனிக்கிழமை காலை ஏழரை மணி. சிரம்பான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினேன். பக்கத்து ராசாவிலிருக்கும் என் வீட்டிலிருந்து தம்பின் ஊர் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் போவதற்கு எனக்கு நாற்பது வருடம் பிடித்தது. பயம்தான், வேறென்ன?

தம்பினைத் தாண்டிய ரப்பர் தோட்டமொன்றில் நானும் முனியாண்டியும் அடுத்தடுத்த நிரையில் மரம் சீவினோம். ஒருநாள் நான் தூங்கிப்போய் என் பால் குறைந்துவிட்டது. வாளியில் ஓடைத் தண்ணீரைக் கலந்தேன். நிறுக்கும் இடத்தில் எங்களை மேய்க்கும் கங்காணி, மண்டோர், கண்டுபிடித்துவிட்டார். மறந்த கத்தியை எடுக்க முனியாண்டி திரும்பிப் போயிருந்த நேரம். “யாரு வாளி?” என்றார். “முனியாண்டியோடது” என்றேன். அவனை மரம் சீவும் வேலையிலிருந்து எடுத்து, புல் வெட்டும் வெளிக்காட்டு வேலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இதை இரண்டு முறை எங்கள் கத்தோலிக்கக் கோயில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது அப்படிச் சொல்வதற்குப் பாவசங்கீர்த்தனம் என்று பெயர். சங்கீர்த்தனம் என்றால் வடமொழியில் வாய்விட்டுச் சொல்வது, புகழ்வது. அதைப் பாவத்தோடு சேர்த்து, காதோடு கிசுகிசுக்கும் காரியத்துக்குப் பெயராக்கினார்கள் நம் பழைய குருமார்கள். இப்போது ஒப்புரவு என்கிறார்கள். பழந்தமிழில் அது ஊருக்கு உதவி, உலகத்தோடு ஒத்து நடப்பது. கோயிலுக்குள் வந்தபின் கடவுளோடு சமாதானமாவது என்றாகிவிட்டது. “ஒப்புரவுக்கு ரெண்டு பேர் வேணும் அந்தோணி” என்று போன மாதம் எங்கள் புதுச் சாமியார் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

எட்டரை மணிக்குப் பிறகு புலாவ் செபாங்கில் இறங்கினேன். தம்பினுக்கான நிலையம் அதுதான்; ஆனால் நிலையம் மலாக்கா மாநிலத்தில், தம்பின் டவுன் பக்கத்து நெகிரி செம்பிலானில். தோட்டத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர், டாக்சிக்கு இருபத்தைந்து ரிங்கிட்.

“அங்க இப்ப ரப்பர் இல்ல, எல்லாம் எண்ணெய்ச் செம்பனதான் அண்ணே. யாரப் பாக்கப் போறீங்க?” என்றார் டிரைவர்.

“கூட்டாளிய.”

“கூட்டாளியப் பாக்கப் போற மூஞ்சி இல்லலா இது!”

முனியாண்டி வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும், “டே அந்தோணி! யாருடா செத்தா?” என்றான்.

“யாரும் சாகல. அந்தத் தண்ணி கலந்த பாலு... அது என் வாளிடா. நான்தான் பொய் சொன்னேன்.”

குழாயை மூடினான். திரும்பி நடந்துவிடலாமா என்று எனக்கு இருந்தது.

“எங்கப்பா என்ன எப்படி அடிச்சாருன்னு தெரியுமா?” என்றான். “இத யாருகிட்டயாவது சொன்னியா?”

“ஃபாதர்கிட்ட. ரெண்டு தடவ.”

“அடி வாங்கினவன் நானு. அவருகிட்ட எதுக்குடா சொன்ன?”

அழுதேன், வெட்கமில்லாமல். அவன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான்.

“நம்மகூட மரம் சீவின பெரியசாமி மவன் ராஜுதான் மண்டோர்கிட்ட என்ன மாட்டிவிட்டான்னு நெனச்சேன்டா. இத்தன வருசமா அவன்கிட்ட பேசல. அவன் கல்யாணத்துக்குப் போகல. அவன் அம்மா சாவுக்கும் போகல.”

அவன் மனைவி வைத்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை இருவரும் தின்றோம். எனக்கு அன்று சோறு இறங்கியது. நெஞ்சில் இருந்த கல் போய்விட்டதென்று அப்போதுதான் தெரிந்தது. கை கழுவியதும் முனியாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினான்.

“ராஜு அடுத்த தாமான் வீட்டுங்கள்லதான் இருக்கான். நீயும் வாலா. தனியாப் போக எனக்கு வெக்கமா இருக்கு.”

ராசா கோயிலில் இந்தக் காரியம் ஒரு சின்ன அறைக்குள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே செம்பனைக் காட்டுக்குள் மண்பாதையில் மோட்டார் குதித்துக் குதித்துப் போனது. விழுந்துவிடாமலிருக்க அவன் தோளைப் பிடித்தேன். அவன் தட்டிவிடவில்லை.