அண்ணன் வாங்காத கத்திரிக்காய்

பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர். பாதியில் நெல், மீதியில் வேர்க்கடலை, வரப்பெல்லாம் துவரை. விற்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அரிசிக்கும் பருப்புக்கும் கடைக்குப் போனதில்லை.

என் பெரியப்பா மகன் ஒரகடம் பக்கம் கம்பெனி கேன்டீன்களுக்குக் காய்கறி போடுகிறவர். ஒருநாள் எங்கள் நிலத்துக்கு வந்தார்.

"நெல்லப் போட்டு இன்னாம்மா பண்ணப் போற? மொத்தமும் கத்திரிக்கா போடு. வருசம் முச்சூடும் ஒரே ரேட்டுக்கு நான் எடுத்துக்கறேன்."

என் கணவர் தயங்கினார். "அண்ணனாச்சே, ஏமாத்துமா?" என்று நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

நெல், கடலை, துவரை எல்லாவற்றையும் விட்டு முழுக்கக் கத்திரி போட்டோம். காய்க்கத் தொடங்கியதும் இரண்டு மாதம் அண்ணன் வண்டி ஒழுங்காக வந்தது. பிறகு கோயம்பேடு மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலை விழுந்தது. வண்டி நின்றுபோனது. போன் செய்தால் எடுக்கவில்லை. சந்தையில் விற்றால் பறிகூலிக்குக்கூடத் தேறவில்லை. அந்த நேரம் பார்த்துப் பருப்பு விலையும் எண்ணெய் விலையும் ஏறின. ரேஷன் பருப்பு பத்து நாள்கூட வரவில்லை. மற்ற நாளெல்லாம் ரேஷன் அரிசியும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முட்டை போடுகிறார்களே என்று வீட்டில் முட்டை வாங்குவதை விட்டேன். பருப்பு வேகவைத்த நாளில் அதுவும் அவர்கள் தட்டுக்கே போனது.

ஒருநாள் நிலத்திலேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே கம்மியா கீது. நெலம் வெச்சிகினு இப்டி இருக்கியேம்மா, இன்னா சாப்புடற?"



மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி நிறையக் கத்திரிக்காய். வெளியூர்க் காய்.

"உன்ன நம்பித்தானண்ணா நெல்ல வுட்டேன்?"

"யாவாரம்மா இது. மார்க்கெட்ல சல்லிசா கெடைக்கறப்போ உங்கிட்ட எப்டி எடுக்கறது? எழுதியா குடுத்தேன்?"

அண்ணி உள்ளேயிருந்து, "சாப்ட்டுப் போம்மா" என்றாள். சாம்பார் தாளிக்கும் வாசனை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாப்ட்டுட்டுத்தான் அண்ணி வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். எழுதியா குடுத்தேன் என்ற அந்தக் கேள்வி வழியெல்லாம் காதில் அறைந்துகொண்டே வந்தது.

செடிகளைப் பிடுங்கி மறுபடி நெல் போட்டோம். அறுவடை வரைக்கும் என் கணவர் மண்ணூரில் ஒரு குடோனில் மூட்டை தூக்கினார். என்னை ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது அம்மா போன் செய்தாள்.

"சொந்தம் வுட்டுப் போவுமா? தலையக் காட்டிட்டு வந்துடு."

"களையெடுக்கற வேல கீதும்மா" என்றேன். அன்று களையெடுக்க ஒன்றும் இல்லை.