மெழுகு உருளையில் ஓர் ஒப்பாரி

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். உருகிய மெழுகு வாசம் என்னைக் கண்டிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். ஊர் ஊராகப் பாட்டுகளைத் திரட்டி ஆராய வந்த வெள்ளைக்காரர் ஒருவர், குரல் பதியும் இயந்திரத்தை எங்கள் மேசைமேல் வைத்தார். அதன் மெழுகு உருளையிலும் இதே வாசம். அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒப்பாரி பாட வேண்டுமாம்.

அத்தை கதிரையை விட்டு அசையவில்லை. "சாவில்லாத வீட்டுல ஒப்பாரி வெச்சா சாவு தேடி வரும். தொரை வீட்டுல யாரு செத்தாங்கன்னு கேளு தம்பி."

அப்பா இங்கிலீசில் கேட்டார். போன வருடம் தாயார் இறந்தாராம். கப்பலேறிப் போவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதாம்.

"அப்ப அந்தம்மாவுக்கு அழுவுறேன்."

அத்தை கூந்தலை அவிழ்த்துப் போட்டாள். கண்ணால் பார்த்திராதவளை, பெத்த தாயே என்று கூப்பிட்டுப் பாடினாள். உருளை தீர்ந்து ஊசி கீறிக்கொண்டே கிடந்தது. அத்தை நிறுத்தவில்லை. துரை இயந்திரத்தைக் கவனிக்கவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பிறகு பெட்டியைத் தூக்கப் போனவரை அத்தை மறித்தாள். "சாவு வீட்டுக்காரரு தலை முழுகாமப் போகக் கூடாது."

எங்களை ஆராய வந்தவர் கோட்டைக் கழற்றிவிட்டு மகாவலி ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டார். பாலத்தில் நின்று ஊரே பார்த்தது.

முதல் மெழுகுவர்த்தி அத்தைக்கு. மற்றது, பேர் தெரியாத அந்த அம்மாவுக்கு. எங்கள் வீட்டில் அழுதாகிவிட்டது, இனி அவள் எங்கள் ஆள்தான்.