தம்பலகாமத்துக் கண்டல் கரையில் ஒரு கமெராவும் ஒரு கொப்பியும்

தொடங்குமுன் இரண்டு விடயங்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். படமெடுக்கப் போன பயணத்தைப் பற்றிய பதிவு என்றாலும் இதில் ஒரு படமும் இல்லை. காரணம் முடிவில் வரும்.

நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீர் பரிசோதிக்கிறேன். போத்தல்களில் வரும் தண்ணீரை எண்களாக மாற்றித் திருப்பி அனுப்புவது இருபத்திரண்டு வருடமாக என் வேலை. போன வருடம் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒரு டிஜிட்டல் கமெரா அனுப்பினான். பூ, பறவை, அந்திவானம் என்று எடுத்துப் பார்த்தேன். எல்லாம் கலண்டர் படங்கள் மாதிரி வந்தன. பிறகு ஒருநாள் தவறுதலாகக் கை அசைந்து, வாழைமரம் பச்சைக் கோடுகளாக வந்தது. அதிலிருந்து வேண்டுமென்றே அசைத்து எடுக்கிறேன். கணினியில் எதையும் திருத்துவதில்லை. நடப்பதெல்லாம் கமெராவுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி.

இதற்கு நல்லது அசையாத தண்ணீரும், அதில் இறங்கும் நேர்க்கோடுகளும். பல்கலைக்கழகக் காலத்தில் களவேலைக்குப் போய்ப் பார்த்த தம்பலகாமக் குடாவில் உப்புத் தண்ணீருக்குள் நிற்கும் கண்டல் மரங்களின் வேர்கள் ஞாபகம் வந்தன. மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். போர்நிறுத்த ஒப்பந்தம் கடதாசியில் மட்டும் இருந்தது. வீதியோரங்களில் கிளைமோர்க் கண்ணிவெடிகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. தெரிந்துகொண்டுதான் போனேன். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

கொழும்பிலிருந்து காலை 6.00 மணி பஸ். இருநூற்றுப் பத்து ரூபாய். கந்தளாய்க்கு இப்பால் இராணுவச் சோதனைக்காக எல்லோரும் பைகளோடு இறங்கி இருநூறு மீற்றர் நடக்க வேண்டியிருந்தது. கமெராவை உடுப்புகளுக்கு நடுவே வைத்திருந்தேன். சோதித்த பெண் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். 2.20க்குத் திருகோணமலை. விடுதியில் அறை எழுநூறு ரூபாய். அங்கேயே அடுத்த நாளுக்கு ஓர் ஓட்டோவும் பேசித் தந்தார்கள். அரைநாளுக்குத் தொள்ளாயிரம்.

ஓட்டோக்காரர் பெயர் நாதன் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதிருக்கும். சனிக்கிழமை காலை 6.15க்கு வந்தார். இருபத்திரண்டு கிலோமீற்றர், மூன்று காவலரண்கள், ஐம்பது நிமிடம். மூன்றாவது காவலரண் கண்டி வீதியில் குடாவை ஒட்டி இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு கிரவல் பாதையில் இறங்கினால் கண்டல் தொடங்குகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: உணர்திறன் 100, துவாரம் 22, அரைச் செக்கன். வெளிச்சம் ஏறினால் லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடிப்பேன்; இதற்கென்று விற்கும் வடிகட்டி எனக்குக் கொழும்பில் கிடைக்கவில்லை. ஷட்டர் திறந்திருக்கும்போது கமெராவை வேரின் போக்கிலேயே மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் சேறுதான் வரும். இன்னொரு முறையும் உண்டு. நான்கு செக்கன் திறந்து, முதலில் அசையாமல் பிடித்து, கறுப்பு மட்டையால் லென்சை மூடி, கமெராவைச் சற்றுத் திருப்பி, மட்டையை எடுப்பது. ஒரே படத்தில் மரமும் அதன் ஆவியும் நிற்கும். முக்காலி கொண்டுபோகவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வேறு எதையாவது ஞாபகப்படுத்தலாம். அந்தளவுக்கு யோசித்தவள், கொப்பியைப் பற்றி யோசிக்கவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கொப்பியில் குறிப்பு எழுதுவது ஆய்வுகூடப் பழக்கம். எந்த நேரம், கமெரா பார்த்த திசை, எத்தனை செக்கன், எந்தப் பக்கம் அசைத்தேன், படத்தின் இலக்கம். அன்று ஒரு கையில் கமெரா, மறு கையில் கறுப்புக் கண்ணாடி. ஓட்டோவில் சும்மா இருந்த நாதனிடம் கொப்பியைக் கொடுத்தேன்.

"நான் எழுதுறன் அக்கா. என்ரை எழுத்து வடிவு. படிக்கிற காலத்தில பள்ளிக்கூடத்தில கரும்பலகையில திகதி போடுறது நான்தான்."

வடிவாகத்தான் எழுதினார். 7.12, வகி, அரை, கீழ், 3. வகி என்றால் வடகிழக்கு. சூரியன் கண்டலுக்குப் பின்னால் வரும்போது தண்ணீர் செம்பு நிறமாகிறது. வேர்கள் கறுப்பாக அதற்குள் இறங்குகின்றன. அப்படி ஒரு படத்தைத் திரையில் அவருக்குக் காட்டினேன்.

"இதுக்கோ கொழும்பிலயிருந்து வந்தனீங்கள்? கமெரா பழுதாப்போச்சு எண்டெல்லோ நான் நினைச்சன்."

"பழுதில்லை. இப்படித்தான் வரவேணும்."

"ஓம் ஓம். நான் பிரேக் இல்லாம ஓடிப்போட்டு இப்பிடித்தான் ஓடவேணும் எண்டு சொல்லுறன்."

சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிறிது நேரத்தில் ஒரு ஹெலிகொப்டர் குடாவுக்கு மேலே தாழப் பறந்து வந்தது. நாதன் என் கையைப் பிடித்து இழுத்துக் கண்டலுக்குள் இருத்தினார். கமெராவைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். வேர்களிலிருந்த சிறு நண்டுகள் வளைகளுக்குள் போயின. சத்தம் ஓய்ந்ததும் இன்னும் ஒரு படம் எடுத்தேன். நாதன் அதையும் எழுதினார். வெளிச்சம் ஏறும் வரை இருந்துவிட்டு 8.40க்குப் புறப்பட்டோம்.

திரும்பும் வழியில், குடாவை ஒட்டிய அந்த மூன்றாவது காவலரணில் பையைத் திறக்கச் சொன்னார்கள். இளம் சிப்பாய் ஒருவர் கமெராவை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். வேறெதுவும் அதில் இருக்கவில்லை. கறுப்புக் கோடுகளும் செம்பு நிறமும் மட்டும். வீடோ, பாலமோ, வாகனமோ இருந்திருந்தால் கேள்வி ஒன்றுதான். ஏன் எடுத்தாய் என்பது. இங்கே அதற்கு முந்திய கேள்வியையே அவரால் தாண்ட முடியவில்லை.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"தண்ணீர்."

"இது?"

"அதுவும் தண்ணீர்."

பிறகு கொப்பியைத் திறந்தார். எங்கள் இருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டு, மணல் மூட்டைகளுக்கு அருகில் இருக்கச் சொன்னார். அப்போது மணி 9.05. அதிகாரி வந்தது 11.30க்கு. இடையில் தண்ணீர் குடிக்கவில்லை. நாதன் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: இந்த ஊரில் ஓட்டோ ஓடுகிற ஒருவர் அடையாள அட்டை இல்லாமல் அடுத்த சந்திக்குக்கூடப் போக ஏலாது. கொழும்பு விலாசமுள்ள எனக்கு அது ஒரு சிக்கல். அவருக்கு அது வீடு போய்ச் சேர்வதா இல்லையா என்பது.

அதிகாரி கண்ணாடி போட்டவர், முப்பத்தைந்துக்குள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நல்ல ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசினார். நான் செய்முறையை விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, கமெராவிலிருந்த எல்லாப் படங்களையும் என் முன்னாலேயே அழித்தார். பிறகு கமெராவை என்னிடம் தந்தார்.

"நீங்கள் விஞ்ஞானம் படித்தவர். அதே முறையில் செய்தால் அதே முடிவு வர வேண்டும். இப்போது ஒன்று எடுத்துக் காட்டுங்கள்."

காவலரணுக்குப் பின்னால் ஒரு துண்டுக் கண்டல் இருந்தது. நடுப்பகல் வெயிலில் தண்ணீர் தகரம் மாதிரிக் கிடந்தது. அதே முடிவு வராது என்று எனக்குத் தெரியும். இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் நின்று கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து, அரைச் செக்கன் வைத்து, கீழே இழுத்தேன். இழுத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கை தன்பாட்டில் நடுங்கியது. திரையில் வேர்கள் வெள்ளியில் கீறிய மின்னல் போல நெளிந்து இறங்கின. காலையில் எடுத்த எதைப் போலவும் அது இல்லை.

அவர் அதைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். பின்பு தானே கமெராவை வாங்கி, தரையிலிருந்த புல்லை நோக்கி ஒருமுறை அசைத்து எடுத்து, வந்ததைப் பார்த்து, தான் எடுத்ததை மட்டும் அழித்தார்.

"படம் விளங்குகிறது. கொப்பிதான் விளங்கவில்லை. இந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்?"

"வடகிழக்கு."

வடகிழக்கில், குடாவின் மறுகரைக்கு அப்பால், விமானத்தளம் இருக்கிறது. அங்கிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திசை அதுதான்.

"ஹெலி எத்தனை மணிக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியும்," என்றார். கொப்பியில் 7.41 என்ற வரியில் விரலை வைத்தார். "இங்கேயும் 7.41 இருக்கிறது."

நேரம், திசை, இலக்கம். அவருடைய இடத்தில் நான் இருந்து, போத்தலுக்குப் பதில் அந்தக் கொப்பி என் மேசைக்கு வந்திருந்தால், இது வேவுக் குறிப்பு என்ற அதே முடிவுக்குத்தான் நானும் வந்திருப்பேன். அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

முன் அட்டையில் என் பெயர் என் கிறுக்கலில் இருந்தது. உள்ளே எழுத்து முத்து முத்தாக இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இது யாருடைய கையெழுத்து?"

நாதன் எழுதினார், நான் சொல்லித்தான் எழுதினார், அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் சொல்ல வேண்டியிருந்தது இந்த மூன்று சிறு வசனங்கள். சிங்களத்தில் எனக்கு நன்றாகவே வரும். வாய் திறக்கவில்லை.

"என்ரை கைதான் சேர்," என்றார் நாதன். "அவ சொல்ல நான் எழுதினனான்."

அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பிந்திச் சொன்னதால் அது ஒத்துப்பாடுவது போலத்தான் எனக்கே கேட்டது. கொப்பியை வைத்துக்கொண்டார்கள். என் அட்டையைத் திருப்பித் தந்தார்கள். நாதனின் அட்டையைத் தரவில்லை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கிராம சேவகரின் கடிதத்தோடு வரச் சொன்னார்கள். ஊருக்குள் போக ஒரு துண்டுக் கடதாசியில் ஏதோ எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு காவலரண்களில் அந்தத் துண்டைக் காட்டித்தான் போனோம். ஒவ்வொன்றிலும் அவர் அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

விடுதி வாசலில் இறங்கும்போதுதான் அவர் பேசினார்.

"நீங்கள் பயந்ததை நான் பிழையா எடுக்கேல்லை அக்கா. எனக்கும் பயம்தான். ஆனா வாயைத் திறப்பீங்களோ எண்டு கொஞ்ச நேரம் பாத்தனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"அதை விடுங்கோ. நாளைக்கு வருவீங்களோ, பஸ் ஏறுவீங்களோ?"

ஞாயிறு காலை 6.30 பஸ்சுக்கு ஆசனம் பதிந்திருந்தேன். பையும் கட்டியாகிவிட்டது. அந்தப் பஸ்சில் ஏறிவிட வேண்டும் என்று உடம்பு முழுதும் சொல்லியது என்பதை மறைக்கமாட்டேன். போகவில்லை. கடிதத்தோடு வந்த நாதனின் ஓட்டோவில் ஏறி, காலை எட்டு மணியிலிருந்து 11.40 வரை அதே மணல் மூட்டைகளுக்கு அருகில் இருந்தேன். அதிகாரி வந்தார். இந்த முறை கேட்பதற்கு முன்னரே முழுவதையும் சொன்னேன்; என் ஆய்வுகூட அடையாள அட்டையையும் காட்டினேன். அவர் அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். நாதனின் அட்டையைத் திருப்பித் தந்தார். ஆனால் அவருடைய பெயர் ஒரு பதிவேட்டில் ஏறிவிட்டது. ஒவ்வொரு திங்களும் காலை பத்து மணிக்கு வந்து கையொப்பம் வைக்க வேண்டும்.

"எத்தனை கிழமைக்கு?" என்று கேட்டேன்.

"நாங்கள் சொல்லும் வரைக்கும்."

திங்கட்கிழமை நான் கொழும்பு பஸ்சில் வந்துகொண்டிருந்தபோது அவர் முதல் கையொப்பத்தை வைத்தார். அதற்குப் பிறகு திங்கள்தோறும் பத்தரைக்கு அவருக்குத் தொலைபேசி எடுக்கிறேன். "ஓம் அக்கா, வச்சிட்டன்" என்பார். பத்தரைக்கும் அவர் எடுப்பதற்கும் இடையில் எனக்கு வேலை ஓடுவதில்லை. ஒருமுறை 12.20 வரை எடுக்கவில்லை. டயர் காற்றுப் போய்விட்டதாம்.

இதே வேலைக்காகக் கிழக்குப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை: கண்டலுக்குக் காலை ஏழு முதல் எட்டு வரையிலான வெளிச்சம்தான் சரி. கறுப்புக் கண்ணாடி போதும், வடிகட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். முதலில் அசைக்காத படம் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அசைத்த படம் எதிலிருந்து வந்தது என்று காட்ட உதவும். நேரத்தையும் திசையையும் எழுதாதீர்கள், மனதில் வைத்திருங்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் உங்கள் கையால் எழுதுங்கள். அதற்கு மேல் ஒன்று கேட்டால், இப்போதைக்குப் போகவேண்டாம் என்பேன். உங்களுக்கு ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அந்த ஊரிலேயே இருக்கப் போகிறவர்.

கமெராவில் அழிக்கப்படாமல் மிஞ்சியது ஒரே ஒரு படம், காவலரணுக்குப் பின்னால் நடுங்கி எடுத்தது. நான் எடுத்தவற்றில் அதுதான் நல்ல படம். அதில் என் திறமை ஒன்றும் இல்லை. அதைப் பெரிதாக அச்சடித்து நாதனுக்கு அனுப்பட்டுமா என்று போன திங்கள் கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. வீடு செக் பண்ண வந்தா, இது என்னண்டு கேப்பாங்கள். நான் என்னண்டு சொல்லுறது?"

"தண்ணி எண்டு சொல்லுங்கோ" என்று என் வாய்க்கு வந்தது. சொல்லவில்லை. அவர் வீட்டில் வைக்க முடியாத படத்தை நான் இங்கே போடுவதாக இல்லை.