நூற்றுப் பதினேழாம் படம்

சந்திரம்மா என் மேசை முன்னால் வந்து நின்றது 1955 ஆவணியில். மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்புகளில் அடுப்பெரிக்க மிளாறு பொறுக்கி விற்பவள். திருக்கழுக்குன்றம் வரை நடந்து, அங்கே பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வந்திருந்தாள். நான் அப்துல் சுபஹான், ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரின் டைப்பிஸ்ட். வருகிறவர்களை விரட்டுவதில் பேர்போனவன். இவளை மட்டும் விரட்ட முடியவில்லை.

எங்கள் டாக்டர் நோய்க்குறியியல் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஊர்களில் வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்ப்பதற்காக. எல்லா வியாதிக்கும் அதில் பேர் உண்டு, ஒரு நோயாளிக்கும் கிடையாது. ஆயிரத்து இருநூறு பக்கத்தையும் டைப் அடித்தவன் நான். நோயாளிகளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று, போட்டோக்களில் கண்ணுக்கு மேல் கறுப்புக் காகிதப் பட்டை ஒட்டியவனும் நான்தான். கெட்டியாகக் கோந்து போட்டு ஒட்டினேன். அதில் பெருமை வேறு.

சந்திரம்மாவின் புருஷன் சின்னையன், தாடையில் கட்டி வந்து நாலு வருஷத்துக்கு முன் எங்கள் வார்டில் இறந்துபோனவன். ஆயுசில் அவனை எடுத்த ஒரே போட்டோ, டாக்டர் புத்தகத்துக்காக எடுத்ததுதான். அப்போது சந்திரம்மா ஏழு மாசக் கர்ப்பிணி. பிறகு பிறந்த மகள் பொன்னி, நைனா எப்படி இருப்பார் என்று இப்போது தினமும் கேட்கிறாளாம்.

“ஒரு தபா மூஞ்சியக் காட்டிட்டா போதும் பாய். வேற இன்னா கேக்கறேன்?”

புத்தகத்தைப் பிரித்து நூற்றுப் பதினேழாம் படத்தைக் காட்டினேன். அவள் கட்டியைப் பார்க்கவில்லை. கறுப்புப் பட்டையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அச்சில் ஏறியது நகருமா?

படம் பிடித்த ஸ்டூடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள். அச்சகத்திலிருந்து திரும்பி வந்த அசல் போட்டோ மட்டும் என் அலமாரியில் கிடந்தது. கொடுத்துவிடு என்றார் டாக்டர். பட்டையை எடுத்து வைக்கிறேன், அடுத்த வாரம் மகளோடு வா என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பட்டை மேல் வைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நகத்தால் மெல்ல உரித்தேன். காகிதம் வந்தது. கண்களும் அதோடு வந்துவிட்டன. நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே வெறும் வெள்ளை. அன்றைக்கு நான் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்.

சொன்ன நாளில் வந்தாள். பொன்னியை வெளியே படியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் படத்தை வாங்கி, முடியைத் தடவினாள், காதைத் தடவினாள். பொன்னிக்கும் இதே காதுதான் என்றாள். படத்தை என்னிடமே நீட்டினாள்.

“அந்தக் கறுப்புக் கடுதாசிய மறுபடியும் ஒட்டிக் குடு பாய். அடியில கண்ணு கீதுன்னு கொழந்தைகிட்ட சொல்லிக்கிறேன்.”

கோந்து தடவி ஒட்டினேன். பட்டை கோணலாகத்தான் உட்கார்ந்தது. அவள் அதை முந்தானையால் ஒற்றியெடுத்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “பொன்னி, வா, நைனாவப் பாரு” என்று கூப்பிட்டாள்.