கப்பல் படியில் ஒரு முகம்

சைப்பிரஸ் போருக்கு அடுத்த வருடம் மெல்பேர்னில் ஒரு கிரேக்கத் திரையரங்கில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். காதலும் போரும் நாடிழந்தவர்களும் வரும் ஒரு சரித்திரப் படம் ஓடியது. கறுப்புடை அணிந்த ஒரு கிரேக்கப் பெண் காட்சி தவறாமல் வருவார். திரையில் அகதிகள் கப்பலை நோக்கி ஓடும்போது எழுந்து நிற்பார்.

“இருங்கோ அன்ரி! நீங்களும் ஏறப்போறியளோ?” என்று பின்வரிசையினர் கத்துவார்கள். ஒருநாள் அவரை உட்காரச் சொல்லப் போனேன். திரையில் ஓடும் கூட்டத்தில் ஓர் இளைஞனைக் காட்டினார்.

“அது என்ர மகன், தம்பி. ஏதென்சில படிக்கேக்க இதில நடிச்சவன். பிறகு சைப்பிரசில எங்கட ஊருக்குப் போய்ச் சண்டையில காணாமல் போயிட்டான். இதிலயாவது கப்பல் ஏறுறானோ? ஒவ்வொருமுறையும் கண் கலங்கி எனக்குத் தெரியுதில்லை. பார்த்துச் சொல்லும்.”

மறுநாள் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் படியில் கால் வைக்குமுன் படம் வேறு இடத்துக்குத் தாவிவிட்டது. அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.